நூல்களுக்கு முகவரி தந்தவர்

1544-ஆம் ஆண்டு நம் கடற்கரை ஊர்கள் வழியே ஒரு புனிதர் நடந்து சென்றார். அவரை நாம் சவேரியார் என்கிறோம். நம் கடியப்பட்டணத்தில் எத்தனை சேவியர்கள், எத்தனை சவேரியம்மாக்கள்! போர்ச்சுகீசியரோ அவரைப் பிரான்சிஸ்கோ ஷவியேர் என்றனர். அதே புனிதர் 1549 ஆகஸ்டு 15, அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, ஜப்பான் நாட்டின் ககோஷிமா துறைமுகத்தில் இறங்கினார். ஜப்பானியர் இன்றும் அவரை ஸாபியெரு என்றே சொல்லுகின்றனர்.

அந்நாட்டு எழுத்து மேலிருந்து கீழாகச் செல்வதைக் கண்டு வியந்த புனிதர், தம் நண்பர் அஞ்சிரோவிடம் அதன் காரணத்தைக் கேட்டாராம். மனிதனுக்குத் தலை மேலேயும் கால் கீழேயும் இருக்கின்றனவே, எழுதும்போதும் அப்படித்தானே எழுத வேண்டும் என்று அவர் விடை சொன்னாராம். புனிதர் இதைத் தம் கடிதம் ஒன்றில் எழுதியிருக்கிறார்.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள், மாணவியரே! ஒரு நூலகத்தில் இப்புனிதரைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் போர்ச்சுகீசியத்திலும் ஜப்பானிய மொழியிலுமாக நான்கு நூல்கள் இருக்கின்றன. அவற்றை எந்தப் பெயரின் கீழ்ப் பட்டியலில் எழுதுவது? சவேரியார் என்று தேடி வரும் சிறுமிக்கு ஒரு நூல் மட்டும் கிடைத்து, மற்ற மூன்றும் அலமாரியில் ஒளிந்து கிடந்தால் அந்த நூலகத்தால் என்ன பயன்? ஆளோ ஒருவர், பெயரோ நான்கு, எழுத்தோ மூன்று வகை!

இத்தகைய கேள்விகளுக்கு விடை காண்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தமிழர் உண்டு. உலகம் அவரை நூலக அறிவியலின் தந்தையருள் ஒருவராகப் போற்றுகிறது. அவரே சீர்காழி இராமாமிருத ரங்கநாதன், அதாவது எஸ். ஆர். ரங்கநாதன்.

இளமையும் கல்வியும்

1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில் ரங்கநாதன் பிறந்தார். தந்தை இராமாமிருத ஐயர், தாய் சீதாலட்சுமி. தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தார். ஆசிரியராக இருந்த பாட்டனாரின் அரவணைப்பில் வளர்ந்து, சீர்காழி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பேசும்போது அவருக்கு நாக்குத் திக்கும். அந்தக் குறையை அவர் விடாமுயற்சியால் வென்றார்.

பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்து, 1916-இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்டு ராஸ் அவரது வாழ்வில் குருவாகவே விளங்கினார். பிற்காலத்தில் அந்த ஆசிரியரின் பெயரால் அதே கல்லூரியில் ஒரு கல்வி உதவித்தொகையை ரங்கநாதன் நிறுவினார். குருவை மறவாத மாணவர் அவர்!

சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்ற பிறகு, 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், சென்னை மாநிலக் கல்லூரி ஆகிய இடங்களில் கணிதம் கற்பித்தார். வகுப்பறையே அவருக்கு உலகமாக இருந்தது.

விருப்பமில்லாமல் ஏற்ற பணி

1924-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமனம் பெற்றார். நண்பர்களின் தூண்டுதலால் விண்ணப்பித்த பதவி அது. ஆனால் நாற்காலியில் அமர்ந்த சில நாட்களிலேயே அவருக்கு மனம் ஒப்பவில்லை. சுற்றிலும் நூல்கள் இருந்தன. படிக்க வருவோரைத்தான் காணவில்லை. மாணவர் நிறைந்த வகுப்பில் பழகியவருக்கு அந்த அமைதி சிறைபோல் இருந்தது. தம்மை மீண்டும் ஆசிரியப் பணிக்கே அனுப்பிவிடுமாறு கல்லூரிக்குச் சென்று வேண்டினார். முதலில் இங்கிலாந்து சென்று நூலகக் கலையைக் கற்று வரட்டும், அதன் பிறகும் விருப்பமில்லையென்றால் பார்க்கலாம் என்று அவரைத் தேற்றி அனுப்பினர்.

அவ்வாறே அவர் அதே ஆண்டில் இலண்டன் சென்றார். அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் பெர்விக் சேயர்ஸ் என்னும் அறிஞரிடம் பாடம் கேட்டார். நூறுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் பார்த்தார். அங்கே குழந்தைகளும் தொழிலாளரும் இல்லத்தரசிகளும் நூலகத்துக்கு வந்து படிப்பதைக் கண்டார். நூலகம் என்பது நூல்களைப் பூட்டிக் காக்கும் கிடங்கு அன்று, மக்களை உயர்த்தும் பள்ளி என்பது அவருக்கு அங்கேதான் விளங்கியது. திரும்பிப் போக வேண்டும் என்ற எண்ணமே அவரை விட்டு அகன்றது.

ஒரு விளையாட்டுப் பொம்மை தந்த ஒளி

அந்நாளில் பெரும்பாலான நூலகங்கள் அமெரிக்கரான மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்புமுறையைப் பின்பற்றின. உலக அறிவு முழுவதையும் பத்துப் பெரும் பிரிவுகளாக்கி எண் தரும் முறை அது. பயனுள்ள முறைதான். ஆனால் எண்களெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டவை. புதிதாக ஒரு துறை தோன்றினால் அதற்கு இடம் தேடி அலைய வேண்டும்.

இதைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்த நாட்களில் ரங்கநாதன் இலண்டனின் பெரிய கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைப் பார்த்தார். சில உலோகப் பட்டைகள், சில சக்கரங்கள், திருகாணிகள் அவ்வளவுதான்! அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பாலமும் செய்யலாம், வண்டியும் செய்யலாம். அவர் உள்ளத்தில் மின்னல் அடித்தது. ஒவ்வொரு நூலுக்கும் ஆயத்தமான எண்ணைத் தேடுவானேன்? பொருள், மொழி, இடம், காலம் என்ற துண்டுகளுக்கு மட்டும் குறியீடு தந்துவிட்டால், அவற்றை இணைத்து எந்த நூலுக்கும் எண் அமைத்துக்கொள்ளலாமே! அந்தத் துண்டுகளை இணைக்கும் திருகாணியாக முக்காற்புள்ளியைப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் அதைக் கோலன் என்பர். ஆகவே அவருடைய முறைக்குக் கோலன் பகுப்புமுறை என்று பெயர் வந்தது. 1925-இல் தாயகம் திரும்பும் கப்பலிலேயே அவர் அந்த வேலையில் மூழ்கிவிட்டார். 1933-இல் அது நூலாக வெளிவந்தது.

மூலையில் நின்ற மொழிகள்

இங்கே நாம் ஓர் உண்மையை அறிய வேண்டும். டூயியின் முறையில் இலக்கியத்திற்கு 800 முதல் 899 வரை நூறு எண்கள் உண்டு. அமெரிக்க இலக்கியத்திற்கு 810, ஆங்கிலத்திற்கு 820, ஜெர்மனுக்கு 830, பிரெஞ்சுக்கு 840 என்று ஐரோப்பிய மொழிகள் பத்துப் பத்து எண்களைப் பெற்றன. ஏனைய உலக மொழிகள் எல்லாம் 890 என்ற ஒரே அறையில் நெருக்கியடித்து நின்றன. அங்கே தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அதை அடுத்துச் சீனம் 895.1, ஜப்பானியம் 895.6, கொரிய மொழி 895.7. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழும், அதைப் போலவே தொன்மையுடைய சீனமும் பிற என்ற மூலையில் அண்டை வீட்டாராயின! சமயத்திற்கான 200-களிலும் பெரும்பகுதி கிறிஸ்தவத்திற்கே ஒதுக்கப்பட்டது. பிற சமயங்கள் 290-களில் ஒடுங்கின. இதனால் பயன் பெற்ற கிறிஸ்தவர்களாகிய நமக்கும்கூட இது நியாயமாகப் படவில்லை அல்லவா?

ரங்கநாதனின் முறையில் இலக்கியத்திற்கு ஓ என்ற ஆங்கில எழுத்து அடையாளம். அதனுடன் ஆங்கிலத்திற்கு 111, சமஸ்கிருதத்திற்கு 15, தமிழுக்கு 31 எனச் சேர்த்தால் போதும். எம்மொழிக்கும் சிறுமை இல்லை. நாடுகளிலும் அப்படியே. ஆசியாவுக்கு 4, சீனாவுக்கு 41, ஜப்பானுக்கு 42, இந்தியாவுக்கு 44, ஐரோப்பாவுக்கு 5. அதோடு நில்லாமல், ஒவ்வொரு நாட்டு நூலகமும் தன் தாய்நாட்டிற்கு 2 என்னும் எண்ணை வழங்கிக்கொள்ளவும் வழி செய்தார். ஜப்பானிலுள்ள நூலகத்தில் அந்த 2 ஜப்பானைக் குறிக்கும். நம் நூலகத்தில் அது நம் பாரதத்தைக் குறிக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஓர் இலக்கிய ஆசிரியரை அவர் பெயரின் எழுத்தால் அன்றி, பிறந்த ஆண்டால் குறித்தார். 1564-இல் பிறந்த ஷேக்ஸ்பியருக்கு ஜே 64. 1882-இல் பிறந்த நம் பாரதியாருக்கு எம் 82. ஜே என்பது 1500-களையும், எம் என்பது 1800-களையும் சுட்டும். பெயரை ஒவ்வொரு நாட்டாரும் ஒவ்வொரு விதமாக எழுதக்கூடும்; பிறந்த ஆண்டு மாறுமா?

பெயரால் வரும் பெருஞ்சிக்கல்

அலமாரியில் நூலை வைப்பது ஒரு வேலை. அதைப் பட்டியலில் எழுதுவது இன்னொரு வேலை. இதற்கென ரங்கநாதன் 1934-இல் பகுப்பு நூற்பட்டியல் விதிகள் என்ற தனி நூலை வெளியிட்டார். பெயர்களை எவ்வாறு எழுதுவது என்பது அதில் முக்கியமான பகுதி.

சீனர், ஜப்பானியர், கொரியர் ஆகிய மூவரும் குடும்பப் பெயரை முதலிலும், தம் சொந்தப் பெயரை அடுத்தும் சொல்லுவர். 1937-இல் கவி தாகூரின் சாந்திநிகேதனில் சீன பவனம் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்து பல்லாயிரம் சீன நூல்களைச் சேர்த்த அறிஞர் டான் யுன்-ஷான். இதில் டான் என்பதே குடும்பப் பெயர். கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று எண்ணும் மேனாட்டார் அவரை ஷான் என்ற இடத்தில் எழுதிவிட்டால், தேடுபவர் ஏமாந்துதானே போவார்?

எழுத்தும் அவ்வாறே குழப்பும். ஒரே குடும்பப் பெயரைக் குறிக்கும் ஒரே எழுத்தைச் சீனர் லீ என்பர், கொரியர் யீ என்பர், ஜப்பானியர் ரீ என்பர். கொரியருள்ளேயே சிலர் அதை ஆங்கிலத்தில் லீ என்றும், சிலர் ரீ என்றும், சிலர் யீ என்றும் எழுதுகின்றனர். சீனத் தலைநகரைப் பீக்கிங் என்று பாட்டிமார் படித்தனர். பெய்ஜிங் என்று நாம் படிக்கிறோம். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் பழைய ஒலிபெயர்ப்பைக் கைவிட்டுப் புதியதை மேற்கொண்டது 2000-ஆம் ஆண்டில்தான். அதற்காக இலட்சக்கணக்கான பதிவுகளைத் திருத்த நேர்ந்தது. கணினியிலே சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளை அப்படியே பதியும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு 1983-இல்தான் கிடைத்தது. அதுவரை அட்டைகளில் அவ்வெழுத்துகளைக் கையால் எழுதியோ, உரோமன் எழுத்தை மட்டும் நம்பியோ காலம் தள்ளினர்.

மாணவியரே, இது தொலைதூர நாட்டார் கதை என்று எண்ணாதீர்கள். நம் பெயரைப் பாருங்கள்! ரங்கநாதனின் பெயரில் முதல் எழுத்து ஊரைக் குறிக்கும், இரண்டாம் எழுத்து தந்தையைக் குறிக்கும், கடைசியில் நிற்பதே அவர் பெயர். நம்மில் பலருக்கும் தலைப்பெழுத்து தந்தையின் பெயரே. வெளிநாட்டுப் படிவம் ஒன்றை நிரப்பும்போது தந்தை பெயரைக் கடைசியில் எழுதிவிட்டால், அங்குள்ளோர் மகளைத் தந்தையின் பெயராலேயே அழைப்பர். அவள் எழுதிய நூலும் அப்பாவின் பெயரில் போய் நிற்கும்! ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் தொலைந்துபோகும். ஒரு மக்களின் பெயரில் எந்தச் சொல் முன்னே நிற்க வேண்டும் என்பதை அந்த மக்களின் வழக்கமே தீர்மானிக்க வேண்டும் என்பது ரங்கநாதனின் கொள்கை. தமிழர்க்கு ஒரு நீதி, சீனர்க்கு ஒரு நீதி, ஐரோப்பியர்க்கு ஒரு நீதி என்று இல்லாமல், அவரவர் பெயர் அவரவர்க்கே உரியது என்ற பொது நீதியை அவர் வேண்டினார்.

ஐந்து விதிகள்

1928-ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் உருவாவதற்கு ரங்கநாதன் முன்நின்றார். அதே ஆண்டில் அவர் வீட்டில் பேரிடி விழுந்தது. மனைவி ருக்மிணி அம்மையார் விபத்தில் இறந்தார். துயரத்தை உள்ளே அடக்கிக்கொண்டு அவர் உழைப்பில் ஆறுதல் தேடினார். மறு ஆண்டில் சாரதா அம்மையாரை மணந்தார்.

நூலகப் பணி முழுவதற்கும் அடிப்படையான சில விதிகள் இருக்க வேண்டுமே என்று அவர் அந்நாட்களில் தவித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மாலை அவரைக் காண வந்த ஆசிரியர் ராஸ், நூல்கள் பயன்படுத்துவதற்கே உரியவை என்ற கருத்தைச் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனாராம். முதல் விதி கிடைத்தது! மற்ற நான்கும் தாமாகவே பின்தொடர்ந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகர் கிடைக்க வேண்டும். வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். இவ்வைந்தையும் விளக்கி அவர் எழுதிய நூல் 1931-இல் வெளிவந்தது. கேட்பதற்கு எளியவைதான். ஆனால் நூல்களைச் சங்கிலியிட்டும் பூட்டியும் வைத்த காலமும் உலகில் உண்டு என்பதை நினைத்தால் இவற்றின் அருமை தெரியும்.

சொன்னதைச் செய்துகாட்டினார். பல்கலைக்கழக நூலகத்தில் வாசகரே அலமாரிவரை சென்று நூலை எடுத்துப் பார்க்க வழி செய்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டினார். அவரது கொள்கையால் ஊக்கம் பெற்ற மன்னார்குடி கனகசபைப் பிள்ளை 1931-இல் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவாயிருந்த அக்காலத்தில், வண்டி மணியோசை கேட்டுச் சிற்றூர் மக்கள் கூடினார்கள்!

நூலகம் செல்வரின் தயவில் நிற்கக் கூடாது, சட்டத்தின் பாதுகாப்பில் நிற்க வேண்டும் என்று ரங்கநாதன் விரும்பினார். 1930-இலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை வரைந்தார். பதினெட்டு ஆண்டுகள் பொறுத்திருந்து, 1948-இல் கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அத்தகைய முதற்சட்டம் அதுவே. 1956 நவம்பர் 1-ஆம் நாள் நம் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. இன்று நம் மாவட்டத்தின் பொது நூலகங்களும் அச்சட்டத்தின் நிழலில்தான் இயங்குகின்றன.

தனியொருவராய் ஒரு இலட்சம்

இருபது ஆண்டுகள் சென்னையில் பணியாற்றிய பின், 1945-இல் அவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே நூல்கள் ஒழுங்கின்றிக் குவிந்து கிடந்தன. ஓய்வுபெற்ற வயதில் அவர் தாமே அமர்ந்து, இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் நூல்களைப் பகுத்துப் பட்டியலிட்டார்! பின்னர்த் தில்லிப் பல்கலைக்கழகத்திலும், சில ஆண்டுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலும் வாழ்ந்து பணியைத் தொடர்ந்தார். 1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1965-இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவரைத் தேடி வந்தன. 1962-இல் பெங்களூரில் ஆவண ஆய்வுப் பயிற்சி மையத்தை நிறுவினார்.

புகழைவிடப் பெரியது அவரது ஈகை. வாழ்நாளில் சேமித்த ஒரு இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து, நூலக அறிவியலுக்கென ஒரு பேராசிரியர் பதவியை நிறுவினார். அதற்குத் தம் பெயரை இடவில்லை. தம்மோடு எளிய வாழ்வு வாழ்ந்த சாரதா அம்மையாரின் பெயரையே முன்வைத்தார். 1972 செப்டம்பர் 27-ஆம் நாள் பெங்களூரில் அவரது உயிர் பிரிந்தது.

அவர் பெயருக்கே வந்த சோதனை

உலகம் முழுவதும் அவரது பகுப்புமுறையை ஏற்றுக்கொண்டதா என்றால், இல்லை. இன்றும் பெரும்பாலான நாடுகளில் டூயியின் எண்களே வழங்குகின்றன. ஜப்பானியர் 1929-இல் மோரி கியோஷி வகுத்த தம் சொந்தத் தசமப் பகுப்பையும், கொரியர் 1964-இல் வெளிவந்த தமது பகுப்பையும் பயன்படுத்துகின்றனர். ஆயினும் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, மீண்டும் இணைத்துத் தேடலாம் என்ற ரங்கநாதனின் எண்ணம் உலகெங்கும் பகுப்புக்கலையையே மாற்றியமைத்தது.

ஐந்து விதிகளும் கடல் கடந்தன. 1981-இல் ஜப்பானிய மொழியிலும், 1988-இல் சீன மொழியிலும் அந்நூல் பெயர்க்கப்பட்டது. உலகத்தாரின் பெயர்களை எப்படி எழுதுவது என்று ஆராய்ந்தவரின் பெயரை எப்படி எழுதுவது என்ற கேள்வி இப்போது அவர்களுக்கு எழுந்தது! ஜப்பானியர் ஆறு எழுத்துகளில் ஒலியை மட்டும் பிடித்து எழுதினர். சீனரோ நான்கு எழுத்துகளைத் தேர்ந்தனர். அவற்றை ருவான் காங் நா ஸான் என்று வாசிக்கலாம். முதலில் நிற்கும் ருவான் சீனரிடையே உண்மையாகவே வழங்கும் ஒரு குடும்பப் பெயர். சீர்காழிப் பிள்ளையைச் சீனர் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிக்கொண்டனர் போலும்! ஆனாலும் தமிழில் தேடினாலும் சீனத்தில் தேடினாலும் ஒரே மனிதரிடம் நம்மைச் சேர்த்துவிடுவது, அவர் உயிரைக் கொடுத்து வளர்த்த அந்த நூற்பட்டியல்தான்.

அன்பு மாணவியரே! ஆயர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நற்செய்தியில் கேட்டிருக்கிறோம். ஒவ்வொருவரையும் அவரவர்க்குரிய பெயரால் அழைப்பது அன்பின் முதல் படி. நம் பள்ளி நூலகத்தில் எடுத்த நூலை வேறிடத்தில் செருகிவிட்டு ஓடும்போது, அந்த நூலை நாம் தொலைத்துவிடுகிறோம். அதைத் தேடி வரும் தங்கையையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்புகிறோம். எடுத்த நூலை எடுத்த இடத்தில் வைப்போம். நமக்குரிய நூல் எங்கோ ஓர் அலமாரியில் நமக்காகக் காத்திருக்கிறது என்று நம்பித் தேடுவோம். நாளை நம்முள் ஒருத்தி எழுதும் நூலும் உலகின் ஏதோ ஒரு நூலகத்தில் அவளுடைய சொந்தப் பெயரிலேயே நிற்கும் நாள் வருவதாக!